பிள்ளைப்பேறும் பழைய நம்பிக்கைகளும்

உலகில் எந்த நாட்டு மக்களை எடுத்துக்கொண்டாலும், பிள்ளைப்பேற்றைச் சுற்றி எண்ணற்ற நம்பிக்கைகள் வளர்ந்திருப்பதைக் காண்கிறோம். இதற்குக் காரணம் வெளிப்படை. அண்மைக்காலம் வரையில் பேறுகாலம் என்பது பிறப்பும் இறப்பும் ஒரே வாயிலில் வந்து நிற்கும் காலமாக இருந்தது. ஒருத்திக்கு ஏன் குழந்தை பிறக்கவில்லை, மற்றொருத்திக்கு ஏன் கரு தங்கவில்லை, நேற்று நலமாய்ப் பெற்றெடுத்தவள் இன்று ஏன் காய்ச்சலில் கிடக்கிறாள் என்ற கேள்விகளுக்கு விடை தெரியாத நாளில், மனிதர் தாமே விடைகளை வகுத்துக்கொண்டனர். அவ்விடைகளே நம்பிக்கைகளாகவும் விலக்குகளாகவும் சடங்குகளாகவும் நிலைபெற்றன.

சீன மக்களிடையே வழங்கிவரும் இத்தகைய நம்பிக்கைகள் சிலவற்றை நம் வழக்கங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம். அயலார் வழக்கத்தைக் காணும்போது நம் வழக்கத்தின் உருவமும் நமக்குத் தெளிவாகிறது. தாய்நாடு விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இந்தத் தெளிவு மிகவும் வேண்டியதாகும். ஏனெனில் எதைக் கைக்கொள்வது, எதை விடுவது என்று எடுத்துச் சொல்லும் பெரியவர்கள் நம்மில் பலருக்கு அருகில் இல்லை.

நமக்குப் பழக்கமான ஓரிடத்திலிருந்து தொடங்குவோம். கோலார் தங்கவயலுக்கு அருகே, பாலாற்றங்கரையில் பேத்தமங்களா என்னும் ஊர் இருக்கிறது. நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு இங்கே ஒரு பெரிய ஏரியாகத் தேங்குகிறது. தங்கச் சுரங்கங்கள் நடந்த காலத்தில் சுரங்க நகரத்தின் குடிநீர் இந்த ஏரியிலிருந்தே குழாய் வழியே சென்றது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்க வேலையைக் கைக்கொண்ட பிறகு, வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் திரள் திரளாக இங்கே குடியேறின. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் மக்கள் ஊரைவிட்டு அகலவில்லை. நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புவோர் இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர்.

பேத்தமங்களாவைக் கடந்து செல்லும் பாலாறு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக ஓடி வயலூருக்கருகே கடலில் கலக்கிறது. தங்கவயல் தமிழர் பலருடைய தாய்வீடும் இவ்வாற்றின் கீழ்க்கரைகளிலேயே இருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் மரபு. ஆகவே ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை ஆற்றின் மேல்முனையிலிருந்து கீழ்முனைக்கு அழைத்துச் செல்வதும், சில மாதங்கள் கழித்துக் கைக்குழந்தையோடு திரும்பக் கொண்டுவந்து விடுவதும் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தன. போக முடியாதவர்களுக்கு லயன் வீடுகளின் அண்டை அயலாரே தாய்வீடாயினர்.

தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒன்றாகப் புழங்கும் இப்பகுதியில் நம்பிக்கைகளும் ஒன்றோடொன்று கலந்தே காணப்படுகின்றன. பெற்றெழுந்தவளை நாம் ‘பச்சை உடம்புக்காரி’ என்கிறோம். கன்னடியர் ‘ஹசி பாணந்தி’ என்கின்றனர். ஹசி என்றாலும் பச்சை என்றே பொருள். சூளையில் வேகாத பச்சை மட்பாண்டம் எளிதில் உடைவது போல, பெற்றவள் உடலும் எளிதில் கெடும் என்ற ஒரே எண்ணம் இருமொழியிலும் ஒரே சொல்லாக அமைந்திருக்கிறது. பல்லாயிரம் கல் தொலைவில் உள்ள சீனரும் இதே எண்ணத்தையே கொண்டிருந்தனர் என்பதை இனிக் காண்போம்.

முதலில், மகப்பேற்றை விழையும் காலம். சீனத் திருமணங்களில் மணமக்களின் படுக்கையில் சீன இலந்தைப் பழம், நிலக்கடலை, லோங்கன் பழம், தாமரை விதை ஆகிய நான்கையும் தூவுவது வழக்கம். சீன மொழியில் இவற்றின் பெயர்களைச் சேர்த்து ஒலித்தால், விரைவில் நன்மகனைப் பெறுக என்ற வாழ்த்தாக அமையும். விதைகள் நிறைந்த மாதுளையும் அவர்களுக்கு மக்கட்பேற்றின் அடையாளம். நம்மவர் பெண்ணின் மடியில் அரிசியும் தேங்காயும் இட்டு நிரப்புவதும், கன்னடியர் அதனை ‘மடிலக்கி’ என்று வழங்குவதும் இதே வேண்டுதலின் வேறு வடிவங்களாம். பிள்ளை வேண்டுவோர் சீனத்தில் குவான்யின் என்னும் அருள்தெய்வத்தை வணங்குகின்றனர். இத்தெய்வம் இந்திய நாட்டுப் பௌத்தத்தில் அவலோகிதேசுவரர் என்று போற்றப்பட்டவரே. சீனத்துக்குச் சென்றபின் பெண்ணுருக் கொண்டு, கையில் குழந்தையேந்திய தாயாகவும் காட்சி தருகிறார். இங்கே நம் பெண்கள் அரச மரத்தை வலம் வந்து, அதன் அடியிலுள்ள நாகர் சிலைகளுக்குப் பாலும் மஞ்சளும் இடுகின்றனர். கோலார் மாவட்டத்து ஊர்களில் அரசும் வேம்பும் இணைந்த மேடைகளையும், அவற்றில் வரிசையாக நிற்கும் நாகக் கற்களையும் எங்கும் காணலாம். ஒவ்வொரு கல்லுக்குப் பின்னும் ஒரு குடும்பத்தின் ஏக்கம் இருக்கிறது.

வழிபாடு மனத்துக்கு ஆறுதல் தருமாயின் அதனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் இரு நாட்டிலும் இவ்வேக்கத்தோடு ஒரு கொடுமையும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையில்லாத குறை முழுவதும் பெண்ணின் தலையிலேயே சுமத்தப்பட்டது. சீனத்தில் ஆண்மகவைப் பெறாதவளைத் தள்ளிவைக்கவும் பழைய குடும்பச் சட்டம் இடமளித்தது. நம்மிடையே மலடி என்ற வசைச்சொல்லுக்கு இணையான ஆண்பாற் சொல் பேச்சு வழக்கில் பெரிதும் இல்லை என்பதே போதிய சான்று. வளைகாப்பின்போது பிள்ளையில்லாதவளையும் கைம்பெண்ணையும் முன்னே வரவொட்டாமல் ஒதுக்குவதும் இக்கொடுமையின் நிழலே. குழந்தையின்மைக்குக் காரணம் ஆணிடமும் இருக்கலாம், பெண்ணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம் என்பது இன்று மருத்துவம் ஐயமறக் கண்ட உண்மை. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் இக்குறைக்கு ஆளாகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆகவே அரச மரத்தைச் சுற்றுவோர் சுற்றுக; மருத்துவரிடம் செல்லும்போது மட்டும் கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்லுதல் வேண்டும்.

அடுத்து, சூல்கொண்ட காலம். சீனரின் பழைய நம்பிக்கைப்படி ஒவ்வொரு கருவுக்கும் ஒரு காவல் ஆவி உண்டு. அது இன்று கதவருகே இருக்கும், நாளை அடுப்பருகே இருக்கும் என்று அவர்களுடைய பஞ்சாங்கம் நாள்தோறும் இடம் குறிக்கும். அவ்வாவிக்கு ஊறு நேராதபடி, கருப்பிணி உள்ள வீட்டில் சுவரில் ஆணி அடிப்பதில்லை. கட்டிலை இடம் மாற்றுவதில்லை. படுக்கையின்மேல் கத்தரிக்கோலை வைப்பதில்லை. நம் வீடுகளில் கிரகண நேரத்தில் கருப்பிணி வெளியே வரலாகாது, கத்தியைத் தொடலாகாது, தொட்டால் குழந்தையின் உதடு பிளந்திருக்கும் என்பர். கிரகணத்துக்கும் கருவுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. உதட்டுப் பிளவு கரு உருவாகும் முதல் மூன்று மாதத்திலேயே ஏற்பட்டுவிடுவது. பரம்பரை முதலிய பல காரணங்களால் வருவது. அறுவை மருத்துவத்தால் செம்மையாகச் சீராக்கத் தக்கது. அவ்வாறு ஒரு குழந்தை பிறந்தால் தாயைப் பழிப்பதற்கு எள்ளளவும் நியாயமில்லை.

எனினும் இவ்விலக்குகளுள் ஒன்றைக் கவனியுங்கள். கட்டிலை நகர்த்தாதே, பாரம் தூக்காதே என்ற கட்டளை, காரணம் தவறாயினும் கருப்பிணிக்கு ஓய்வைத் தருகிறது. கிரகணத்தின் பெயரால் பலமணி நேரம் பட்டினி போடுவதோ அவளுடைய வலிமையைக் கெடுக்கிறது. ஆகவே ஒரு வழக்கத்தை எடைபோடுவதற்கு உரைகல் ஒன்று நமக்குக் கிடைத்துவிட்டது. அது தாய்க்கு உணவையும் ஓய்வையும் துணையையும் தருகிறதா? அல்லது அவற்றைப் பறிக்கிறதா? பொன்விளைந்த பூமியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நாம், எஞ்சிய வழக்கங்களையும் இவ்வுரைகல்லிலேயே உரைத்துப் பார்க்கலாம்.

கருவிலேயே குழந்தைக்குக் கல்வி தொடங்குகிறது என்பது சீனரின் மற்றொரு நம்பிக்கை. வென் மன்னனின் தாய் அவனைச் சுமந்திருந்தபோது தீயதைக் காணாமலும், தகாத ஒலியைக் கேளாமலும், கடுஞ்சொல் பேசாமலும் இருந்தாள் என்று அவர்களுடைய பழநூல் ஒன்று கூறுகிறது. பிரகலாதன் கருவிலிருந்தே நாரதரின் உபதேசத்தைக் கேட்டான், அபிமன்யு சக்கரவியூகத்தைக் கேட்டான் என்ற நம் கதைகளை இங்கே நினைவுகூராமல் இருக்க இயலாது. கருவிலுள்ள குழந்தை ஆறாம் மாத அளவில் ஒலிகளை உணரத் தொடங்குகிறது என்று இன்றைய ஆராய்ச்சி காட்டுகிறது. அது உபதேசத்தின் பொருளை அறியாது. தாயின் குரலை அறியும். வீட்டில் சச்சரவும் அடியும் இல்லாமல் அமைதி நிலவினால் அதன் நன்மை முதலில் தாய்க்கே, தாய்வழியே குழந்தைக்கும். ஏழாம் மாதத்தில் கைநிறையக் கண்ணாடி வளையல் இட்டு, பலவகைச் சோறு படைத்து, சுற்றத்தார் சூழ்ந்து வாழ்த்தும் வளைகாப்பு இவ்வகையில் மிக நல்ல வழக்கம். தமிழ்நாட்டு அரசே அங்கன்வாடிகளின் வாயிலாகச் சமுதாய வளைகாப்பு நடத்துவது இதன் பயனை உணர்ந்ததனால்தான்.

உணவைப் பொறுத்தவரையில் தமிழரும் சீனரும் உடன்பிறந்தாரைப் போலவே பேசுகின்றனர். உணவுப் பொருள்களைச் சூடு என்றும் குளிர்ச்சி என்றும் இரு சாராரும் பிரித்துள்ளனர். சூடு, குளிர்ச்சி என்பது தொட்டறியும் வெப்பமன்று. உடலில் அப்பொருள் விளைப்பதாகக் கருதப்படும் குணம். கருவுற்ற காலத்தில் சூடு மிகும் என்று அஞ்சி நாம் பப்பாளி, அன்னாசி, எள் முதலியவற்றை விலக்குகிறோம். பப்பாளிக்காயின் பாலுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உண்டு என்பதனை எலிகளைக் கொண்டு நடத்திய சோதனைகள் காட்டின. நன்கு பழுத்த பழத்தில் அத்தன்மை காணப்படவில்லை. ஆகவே காயை விலக்கியது விவேகமே. பழத்தையும் சேர்த்து விலக்கியது மிகை. குங்குமப்பூவைப் பாலில் கலந்து குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதில் உண்மையில்லை; நிறம் பெற்றோர் வழியே வருவது. அப்பாலில் நன்மை தருவது பாலே.

இவற்றினும் தீங்கான நம்பிக்கை ஒன்று உண்டு. மிகுதியாக உண்டால் குழந்தை பருத்துப் பிரசவம் கடினமாகும் என்று அஞ்சிக் கடைசி மாதங்களில் உணவைக் குறைப்பதே அது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டுக் கருப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேர் இரத்தசோகை உடையவர்கள். அத்தகையவள் பேற்றின்போது சிறிதளவு குருதியை இழந்தாலும் தாங்கமாட்டாள். கீரையும் பருப்பும் முட்டையும் மீனும் அவளுக்கு அளவின்றி வேண்டும். அரசினர் இலவசமாகத் தரும் இரும்புச் சத்து மாத்திரையைக் கருவுற்ற காலத்தில் 180 நாளும், பெற்றபின் 180 நாளும் உட்கொள்ளல் வேண்டும். மாத்திரை தின்றால் குழந்தை கறுக்கும் என்ற பேச்சு வெறும் பொய்.

ஆணா பெண்ணா என்று முன்னரே அறியும் ஆவலும் இரு நாட்டுக்கும் பொதுவானது. வயிற்றின் வடிவத்தையும் மசக்கையின் கடுமையையும் கொண்டு நம்மவர் குறி சொல்வர். சீனரிடம், தாயின் வயதையும் கருவுற்ற மாதத்தையும் பொருத்திப் பார்க்கும் அட்டவணை ஒன்று வழங்குகிறது. ஸ்வீடன் நாட்டில் பிறந்த சுமார் 28 இலட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்து இவ்வட்டவணையைச் சோதித்து, 2010-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதனால் எவ்வளவு சரியாகச் சொல்லலாமோ அவ்வளவே அட்டவணையும் சொல்லிற்று. குறி சொல்வது விளையாட்டாக இருக்கும் வரையில் கேடில்லை. ஆண்மகவே வேண்டும் என்ற பிடிவாதம் கருவியின் துணையைப் பெற்றபோது அது கொலையாயிற்று. இயற்கையில் நூறு பெண்மகவுக்கு ஏறத்தாழ 105 ஆண்மகவு பிறத்தல் வழக்கம். சீனத்தில் 2004-ஆம் ஆண்டளவில் அது 121-ஐ எட்டியது. நம் நாட்டிலும் கருவின் பாலை அறிவிப்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றமாக்கப்பட்டிருக்கிறது. மகவின் பாலை உறுதி செய்வது தந்தையின் வித்தே என்பதை அறிந்த பின்னும் பெண்குழந்தை பெற்றவளைத் தூற்றுவது அறிவீனம்.

இனிப் பேற்று வேளையும் அதற்குப் பிந்திய நாள்களும். பெற்றவளுக்குக் காற்றுப் பட்டால் ஜன்னி காணும் என்று நாம் அஞ்சினோம். மூட்டுகளில் காற்றுப் புகுந்துவிடும் என்று சீனர் அஞ்சினர். அச்சம் பொய்யன்று. பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் கண்டு தாய்மார் இறந்தது உண்மையே. ஆனால் உட்புகுந்தது காற்றன்று, கிருமி. அது வந்த வழி சாளரமன்று, கழுவாத கை. 1847-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவர் செம்மல்வைஸ், பிரசவம் பார்ப்போர் குளோரின் நீரில் கைகழுவினால் இச்சாவுகள் பெருமளவு குறைவதைக் கண்டு காட்டினார். அவ்வாறே, பிறந்து ஏழெட்டு நாளில் விறைத்து மாயும் சிசுக்களைக் கண்ட சீனர் அதனை ‘ஏழுநாட் காற்று’ என்றனர். அதுவும் காற்றன்று; தூய்மையற்ற கத்தியால் கொப்பூழ்க்கொடியை அறுப்பதாலும், அதன்மேல் சாம்பலோ சாணமோ இடுவதாலும் வந்த இரணஜன்னி. தடுப்பூசியாலும் தூய பிரசவத்தாலும் சீனம் 2012-லும், இந்தியா 2015-லும் இந்நோயைப் பொதுநலக் கேடு என்ற நிலையிலிருந்து ஒழித்தன. நம் பாட்டிமார் பயந்த காற்றை இவ்வாறு அடக்கியவை சவர்க்காரமும் ஊசியுமே.

சீனரின் வழக்கங்களுள் உலகெங்கும் பேர்பெற்றது ‘மாதம் உட்காருதல்’ என்பது. பெற்றவள் ஒரு மாதம் வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை, வேலை செய்வதில்லை, தலை முழுகுவதில்லை, குளிர்ந்த நீரையும் பச்சைக் காய்களையும் தொடுவதில்லை. இஞ்சியும் எள்ளெண்ணெயும் சேர்த்துச் சமைத்த கோழியும், இஞ்சியும் காடியும் இட்டு வேகவைத்த பன்றிக்காலும் அவளுக்குப் பத்திய உணவு. மாதம் நிறைந்ததும் முட்டைக்குச் செந்நிறம் பூசி உற்றார்க்கும் அயலார்க்கும் வழங்குவர். மலேயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த நம்மவர் இச்செம்முட்டையை அறிவர். நம் பத்தியமும் இதற்கு இளைத்ததன்று. சுக்கும் மிளகும் சேர்ந்த பிரசவ மருந்து, பூண்டுக் குழம்பு, பால் ஊறுவதற்குப் பால்சுறாப் புட்டு, வேதுபிடித்த வெந்நீர்க் குளியல் என்று நாற்பது நாள் காவல் நமக்கும் உண்டு.

உரைகல்லை மீண்டும் எடுப்போம். ஓய்வு, சூடான சத்துணவு, வீட்டு வேலையிலிருந்து விடுதலை, எப்போதும் பக்கத்தில் ஒருவர் ஆகிய இவையெல்லாம் பசும்பொன். கோடையிலும் சாளரத்தை மூடிப் போர்த்திக் கிடத்துதல் பித்தளை. அவ்வாறு வெப்பத்துக்கு ஆளாகித் தாய்மார் மாண்ட செய்திகள் சீனத்திலேயே வந்துள்ளன. தாகத்துக்குத் தண்ணீர் கொடாமல் நாவை மட்டும் நனைப்பது அதனினும் கேடு. பாலூட்டுபவளுக்கு வழக்கத்தினும் மிகுதியாக நீர் வேண்டும். பிறந்த மூன்று நாள் வரையில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் புகட்டுவது எல்லாவற்றிலும் பெருங்கேடு. அச்சீம்பாலே குழந்தைக்குக் கிடைக்கும் முதல் நோய்க்காப்பு. பிறந்த ஒரு மணிநேரத்துக்குள் தாய்ப்பால் தருதல் வேண்டும். ஆறு மாதம் வரை வேறெதுவும் வேண்டுவதில்லை, தண்ணீரும்கூட.

இவ்வளவும் கூறியபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பத்தியம் வைப்பதற்குத் தாயோ மாமியோ அருகில் இல்லாத குடும்பம் என் செய்வது? திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் கோயில் கொண்ட தாயுமானவரின் வரலாறு இக்கேள்வியிலிருந்தே பிறந்தது எனலாம். சூல்முதிர்ந்த மகளுக்குத் துணையாகப் புறப்பட்ட தாய் காவிரியின் வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட, இறைவனே அத்தாயின் உருவில் வந்து பேறு பார்த்தான் என்பது தலவரலாறு. ஆற்றைக் கடக்க இயலாத தாயை எண்ணி நம் முன்னோர் எவ்வளவு கலங்கினர் என்பதை இது காட்டுகிறது. இன்று நமக்கும் தாய்க்கும் இடையே ஒரு காவிரியன்று, பல மாநிலங்கள் இருக்கின்றன. சீனத்துப் பெருநகரங்களில் இத்துணையைக் கூலிக்கு அமர்த்துகின்றனர். மாதம் உட்காருவதற்கென்றே கட்டணம் பெறும் இல்லங்களும் அங்கே உள்ளன. நம்மில் பெரும்பாலோர்க்கு அது கைக்கெட்டாது. ஆனால் தங்கவயலின் லயன் வீடுகள் கற்பித்த வழி நமக்கு இருக்கிறது. அண்டை வீட்டுப் பெண் பத்தியம் வைக்கலாம். மொழி தெரிந்தவர் மருத்துவமனைக்கு உடன் செல்லலாம். கணவன் அடுப்படியில் நிற்கலாம். அது அவனுக்கு இழுக்காகாது. இறைவனே செய்த பணி அது.

வாழும் மாநிலத்தின் உதவிகளையும் நாம் தயங்காமல் பெறுதல் வேண்டும். கருவுற்றது தெரிந்தவுடன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து தாய் சேய் அட்டை பெறுக. கர்நாடகத்தில் அதன் பெயரே ‘தாயி அட்டை’. நமக்கு அந்நியமான சொல்லன்று. அங்கே 2017-ஆம் ஆண்டில் தொடங்கிய மாத்ரு பூர்ணா திட்டம் கருப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அங்கன்வாடியில் உணவளிப்பதற்காக ஏற்பட்டது. தாய்வீட்டுக்குப் பயணப்படுவோர் அவ்வட்டையையும் பரிசோதனைச் சீட்டுகளையும் உடன் கொண்டு செல்க. மாநில எல்லையைக் கடந்தாலும் அங்குள்ள மருத்துவருக்கு அவை வழிகாட்டும். உதிரப்போக்கு, கடுந்தலைவலியோடு கண்மங்கல், முகவீக்கம், வலிப்பு, காய்ச்சல், வயிற்றில் குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினாலும், நல்ல நேரம் பாராமல், காணிக்கை முடிந்துவைத்துக் காத்திராமல், உடனே மருத்துவமனைக்குச் செல்க.

வளையலும் வாழ்த்தும், சுக்கும் செம்முட்டையும் தாய்க்கு அன்பைத் தெரிவிக்க மனிதர் கண்ட மொழிகள். அம்மொழிகளை நாம் மறக்க வேண்டுவதில்லை. அவற்றோடு ஒட்டிய பட்டினியையும் பழிச்சொல்லையும் பயத்தையும் மட்டும் உதறிவிடுவோமாக. நம் அண்டை வீட்டில் ஒரு பெண் சூல்கொண்டிருப்பாளாயின், அவள் எம்மொழியினளாயினும், அவளுடைய தாய் எவ்வாற்றின் அக்கரையில் நின்றாலும், இக்கரையில் நாம் இருக்கிறோம் என்று அவள் அறியும்படி நடந்துகொள்வோமாக.